துருக்கியின் 'கான்' யுத்த விமானம்: பாதித் தூரம் கடந்த பயணம்

2024 பெப்ரவரி 21ஆம் திகதி துருக்கியின் 'கான்' யுத்த விமானம் முதன்முறையாகப் பறந்தது. வானில் இருந்தது 13 நிமிடங்கள், எட்டிய உயரம் 8,000 அடி. அன்று எமது சமூக ஊடகங்களிலும் வாழ்த்துகள் குவிந்தன. ஆனால் இந்த விமானம் ஏன் உருவானது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

சொந்தமாக யுத்த விமானம் தயாரிக்கும் திட்டத்தைத் துருக்கி 2010இலேயே தீர்மானித்தது. எனினும் அதன் பிரதான நம்பிக்கை அமெரிக்காவின் எஃப்-35 மீதே இருந்தது. 100 விமானங்களைக் கொள்வனவு செய்யவிருந்ததோடு, அதற்கான நூற்றுக்கணக்கான உதிரிப்பாகங்களையும் துருக்கிய நிறுவனங்களே தயாரித்தன. 2019 ஜூலையில் ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு முறைமை துருக்கி வந்திறங்கியது. அதே மாதம் அமெரிக்கா துருக்கியை எஃப்-35 திட்டத்திலிருந்து வெளியேற்றியது. அதன்பின் 'கான்' அவசரத் தேவையாக மாறியது.

ராடாரில் அறவே தெரியாத விமானம் என்று ஒன்று கிடையாது. ராடார் அலைகள் வந்த திசைக்கே திரும்பாதவாறு உடலமைப்பு சாய்வான கோணங்களில் அமைக்கப்படுகிறது. ஏவுகணைகள் உடலுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. அலைகளை உறிஞ்சும் பூச்சும் பூசப்படுகிறது. இதனால் எதிரி மிகத் தாமதமாகவே விமானத்தைக் கண்டுகொள்கிறான்.

இவற்றை விடக் கடினமானது இயந்திரம். அதன் உட்பகுதி வெப்பம் உலோகத்தையே உருக்கக்கூடியது. அதைத் தாங்கும் சுழல் தகடுகளைத் தயாரிக்கத் தெரிந்த நாடுகள் மிகச் சில. சீனாவின் ஜே-20 ஆரம்பத்தில் ரஷ்ய இயந்திரத்துடனேயே பறந்தது. இந்தியாவின் தேஜஸில் இருப்பதும் அமெரிக்க இயந்திரமே.

'கான்' விமானத்தின் இரு இயந்திரங்களும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-110 வகையைச் சேர்ந்தவை. 2025 ஜூனில் இந்தோனேசியா 48 விமானங்களை வாங்க உடன்பட்டது. ஆனால் அமெரிக்க இயந்திரம் பொருத்திய விமானத்தை வேறு நாட்டுக்கு விற்க வொஷிங்டனின் அனுமதி வேண்டும். எஃப்-35ஐ மறுத்த அதே கை, 'கான்' விமானத்தையும் தடுக்கலாம்.

துருக்கி சொந்த இயந்திரத்தையும் உருவாக்கி வருகிறது. அதற்கு இன்னும் பல வருட உழைப்பும் பணமும் தேவை. முதல் பறப்புக்கு மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் சொந்த இயந்திரத்துடன் 'கான்' பறக்கும் வரை, துருக்கியின் சுயசார்பு முழுமை பெற்றுவிட்டதாக நாம் எண்ணிவிடக் கூடாது.