ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்'... பதற வேண்டுமா?

தாராபுரம் - திருப்பூர் ரோட்டில் உங்கள் கார் மீது பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. கழுத்தில் வலி. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் 'சி5-சி6 டிஸ்க் பல்ஜ்' என்று இருக்கிறது. 'அய்யய்யோ, ஆபரேஷனா?' என்று பதறாதீங்க!

கழுத்தில் 7 எலும்புகள். சி1 முதல் சி7 வரை. 5-வது, 6-வது எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். ஜப்பானில், நரம்புப் பிரச்னைக்கான அறிகுறியே இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், 87.6 சதவிகிதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் இருந்தது. உங்களுக்கும் விபத்துக்கு முன்பே இருந்திருக்கலாம்.

மற்ற வார்த்தைகள்?

* லாஸ் ஆஃப் லார்டோசிஸ்: கழுத்தின் இயல்பான வளைவு நேராகியிருக்கிறது. தசை இறுக்கம் காரணமாக இருக்கலாம்.

* ஆஸ்டியோஃபைட்: எலும்பு முளை. வருடக்கணக்கில் வளர்வது, விபத்தன்று முளைத்ததல்ல.

* ஃபிராக்சர், லிஸ்தெசிஸ், கார்டு கம்ப்ரெஷன்: எலும்பு முறிவு, எலும்பு நகர்வு, தண்டுவடம் அழுந்துதல். இவற்றைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரிப்போர்ட் 'நார்மல்' என்றாலும் வலி பொய்யல்ல. தசை, தசைநார்களில் ஏற்படும் சின்னக் காயங்கள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதனால் ரிப்போர்ட்டோடு, எங்கே வலிக்கிறது, எந்த விரல் மரத்துப்போகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கை, கால் பலவீனம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர், மலம் கட்டுப்பாடின்மை... இதில் ஒன்று இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க!