ஓலையிலிருந்து வண்ணத் தாள் வரை: சென்னை வீட்டு அலங்காரத்தில் காகிதக் கைவேலையின் வரலாறு

ஆய்வின் நோக்கமும் களமும்

தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் நூல்களோடு நின்றுவிடுகின்றனர். எந்த நூல் எந்த ஆண்டில் எந்த அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் நாம், அச்சிட்ட தாள் வீட்டுக்குள் நுழைந்த பின் என்ன ஆயிற்று என்று கேட்பது அரிது. படித்து முடித்த நாளிதழ் கூடையாயிற்று. நாள்காட்டிப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிப் பூசையறைக்குப் போயிற்று. வார இதழின் தொடர்கதைப் பக்கங்கள் தைக்கப்பட்டு வீட்டு நூலகமாயின. சென்னையின் நடுத்தர, எளிய குடும்பங்கள் வீட்டை மலர்ச்சியாக வைத்துக்கொள்ள மேற்கொண்ட இந்தக் காகித வேலைகளின் வளர்ச்சியை வரிசைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆய்வுக்குத் தரமணி பொருத்தமான களம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இங்கே இருக்கிறது. கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசுகள், துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள் என்று பிறர் எறிந்துவிடும் தாள்களையும் சேர்த்துவைத்தவர். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் நூலகம் உருவாயிற்று. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், அச்சுத் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும், 1995-இல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகமும் தரமணியிலேயே இயங்குகின்றன. தாளின் எழுத்து, அச்சு, வடிவமைப்பு ஆகிய மூன்றையும் பயிலும் இடங்கள் நடந்துபோகும் தொலைவில் அமைந்திருக்கின்றன.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இது: சென்னை வீடுகளின் காகித அலங்காரம் ஓலையிலும் நெட்டியிலும் பழகிய கைகளின் தொடர்ச்சி. பள்ளியும் அச்சுத் தொழிலும் அதற்குப் புதிய பொருளையும் புதிய வடிவங்களையும் தந்தன. செய்முறையின் அடிப்படை பழையதாகவே இருந்தது.

காகிதத்துக்கு முன்

தென்னங்குருத்தோலையில் தோரணம் கட்டுபவர் செய்வது மூன்று செயல்கள்: நடு நரம்பை ஒட்டிக் கீறுகிறார், மடிக்கிறார், கயிற்றில் கோக்கிறார். கிளியும் மணியும் குஞ்சமும் இந்த மூன்றிலிருந்தே பிறக்கின்றன. பனையோலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, விசிறி, சிறு கொட்டான் செய்த பிள்ளைகளும் இதே பயிற்சியைப் பெற்றார்கள். நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் வெண்மையான தண்டைச் சீவிச் சாயமேற்றி, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கோப்பது தமிழக ஊர்களின் வழக்கம். தஞ்சாவூரில் இந்த வேலை கோயில் கோபுரங்களின் உருவத்தை வடிக்கும் நுண்கலையாகவே வளர்ந்தது.

இந்த அலங்காரங்கள் நிலைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாவிலை வாடியதும் மாறும். கோலம் அன்றன்றே அழியும். ஒரு நாளுக்காக, ஒரு விழாவுக்காகச் செய்வது என்ற இந்த மனநிலை காகித வேலைக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

வண்ணத் தாளைப் பலமுறை மடித்து, இரு பக்கமும் மாறிமாறி வெட்டு கொடுத்துப் பிரித்தால் வலையாக விரியும் தோரணத்தைப் பாருங்கள். வெட்டு எதிர்ப்பக்க விளிம்பைத் தொடாமல் நிற்பதால்தான் தாள் அறுபடாமல் நீள்கிறது. ஓலையைக் கீறும்போது அடியில் சிறிது விட்டுக் கீறும் அதே நுட்பம்தான் இது. முக்கோணக் கொடிகளைச் சணலில் ஒட்டும் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதைப் புத்தகம் கட்டுவோரிடமிருந்து வீடுகள் கற்றுக்கொண்டன. கோக்கும் முறை ஓலையிலிருந்து வந்தது. ஒட்டும் முறை அச்சுக்கூடத்திலிருந்து வந்தது.

அரிய பொருள் எளிய பொருளானது

தரங்கம்பாடிக்கு 1712-இல் அச்சுப்பொறி வந்தபோது தாள் பெரும் தட்டுப்பாடாக இருந்தது. அங்கிருந்த கிறித்தவப் பாதிரியார் சீகன்பால்கு தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அச்சிட எழுத்துருக்களைச் சிறிதாக்க நேர்ந்தது. அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலை ஒன்றை நிறுவும் முயற்சியும் நடந்தது. 1761-இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி சென்னை வேப்பேரிக்கு வந்து பாதிரியார் பப்ரீசியசின் பொறுப்பில் இயங்கியது. அச்சுக்கே தாள் போதாத அந்தக் காலத்தில் வீட்டு அலங்காரத்துக்குத் தாள் கிடைத்திருக்க வழியில்லை.

1835-இல் அச்சுக்கூடக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின. 1878-இல் ‘தி இந்து’வும் 1882-இல் ‘சுதேசமித்திர’னும் தோன்றின, 1899-இல் ‘சுதேசமித்திரன்’ நாளிதழாயிற்று. நாளிதழ் வந்த பிறகுதான் ‘பழைய பேப்பர்’ என்ற பண்டம் ஒவ்வொரு வீட்டிலும் சேரத் தொடங்கியது. தாள் மிச்சப்படும்போதுதான் கைவேலை பிறக்கிறது என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

பழைய தாளின் மிகச் சிறந்த பயன் காகிதக் கூழ்க் கூடை. தாளைக் கிழித்துச் சில நாள் ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் விழுதாக அரைப்பார்கள். கவிழ்த்த பாத்திரத்தின்மேல் ஈரத்துணி விரித்து, விழுதைச் சீராகத் தட்டி அப்பி, முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் உலர்த்துவார்கள். காய்ந்ததும் பாத்திரத்திலிருந்து கழன்று வரும் கூடை கனமற்றது, உறுதியானது. வெந்தயத்தின் வழுவழுப்பு தாளின் நாரைப் பிணைக்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சிகள் அண்டுவதில்லை. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்க மெழுகுவதும் இதே விழுதால்தான். மேலே வண்ணம் தீட்டிப் பூவும் கொடியும் வரைந்துவிட்டால் அடுப்படிப் பொருள் கூடத்துக்கு ஏறிவிடும். வெளியிலிருந்து எதையும் வாங்காமல், வீட்டின் கழிவையும் சமையல் பொருளையும் கொண்டே செய்த இந்தக் கூடை, தமிழ்ப் பெண்களின் வேதியியல் அறிவுக்கும் அழகுணர்வுக்கும் ஒருங்கே சான்று.

மடிப்பும் கணிதமும்

1893-ஆம் ஆண்டு சென்னை அடிசன் நிறுவனம் வெளியிட்ட ஆங்கில நூல் ஒன்று காகிதக் கைவேலையின் உலக வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. தண்டலம் சுந்தர ராவ் எழுதிய அந்நூல் காகித மடிப்பின் வழியே வடிவியல் கற்பிப்பது. அளவுகோலும் கவராயமும் இல்லாமல், சதுரத் தாளை மடித்தே சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் முதலியவற்றை அவர் உருவாக்கிக் காட்டினார். வளைகோடுகளின் புள்ளிகளையும் மடிப்பால் கண்டறியும் வழி சொன்னார். செருமானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைக் குறிப்பிட்டதைக் கண்டு, பெமன், ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர்கள் அதைத் திருத்திப் பதிப்பித்தனர். அந்தப் பதிப்பு 1901-இல் வெளிவந்தது.

சுந்தர ராவுக்குத் தூண்டுதலாக இருந்தது பிரெடரிக் புரோபெல் உருவாக்கிய கிண்டர்கார்டன் முறையின் எட்டாவது விளையாட்டுப் பொருள்: 200 வண்ணச் சதுரத் தாள்களும் மடிக்கும் கருவியும் செய்முறைப் படங்களும் அடங்கியது. குழந்தைகளின் வண்ணத் தாளில் உயர்கணிதத்தைக் கண்டவர் சென்னை மாகாணத்தின் அரசு அலுவலர் ஒருவர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. கணித அறிவியல் நிறுவனம் இன்று தரமணியில் இயங்குகிறது. கணிதம் பயிலும் அந்த ஊரில் சுந்தர ராவின் பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஆல்காட் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறை கையாளப்பட்டது. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்து 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். வெட்டுதல், ஒட்டுதல், மடித்தல் ஆகியவை கல்வியின் பகுதியே என்ற எண்ணம் தென்சென்னைப் பள்ளிகளில் இப்படித்தான் வேரூன்றியது. முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் நிறுவிய அவ்வை இல்லமும், துர்காபாய் 1937-இல் மயிலாப்பூரில் தொடங்கிய ஆந்திர மகிள சபையும் கைத்தொழிலைப் பெண்களின் தன்னிறைவோடு இணைத்தன.

சுவர் ஏறிய படங்கள்

1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் வண்ணப் படங்கள் தெய்வ உருவங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. செட்டிநாட்டு வீடுகளில் அவற்றின் மீது கைவேலையும் ஏறியது: லட்சுமிக்கும் சரசுவதிக்கும் பட்டுத் துணி வெட்டி ஒட்டிச் சேலை உடுத்தினார்கள், சரிகையும் மணியும் ஜிகினாவும் வைத்து நகை பூட்டினார்கள். அச்சு ஒரே படத்தை ஆயிரம் வீடுகளுக்கு அனுப்பியது. பெண்களின் கை அதை ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய தனிப்படமாக மாற்றியது.

1922-இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியின் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்டார்கள். தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் வேண்டியிருந்தது. அச்சுத் தொழில் அங்கே பெருக அது வழிசெய்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று கோவில்பட்டியில் நிலைகொண்ட சி. கொண்டைய ராஜு (1898–1976), தம் மாணவர்களோடு வரைந்த தெய்வப் படங்கள் நாள்காட்டிகளாகத் தமிழகமெங்கும் பரவின. ஆண்டு முடிந்ததும் தேதித்தாளை நீக்கிவிட்டுப் படத்தைச் சட்டமிடுவது வழக்கமாயிற்று. மளிகைக் கடை இலவசமாகத் தந்த தாள் நிரந்தரமான சுவர் அலங்காரமானது.

1926-இல் தோன்றிய ‘ஆனந்த விகட’னும் 1941-இல் தோன்றிய ‘கல்கி’யும் இன்னொரு கைவேலைக்கு வழிவகுத்தன. தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, ஓவியங்களோடு சேர்த்துத் தைத்து, அட்டை ஒட்டிப் ‘பைண்டு’ செய்தார்கள். தீபாவளி மலர்களின் வண்ணப் படங்கள் சட்டத்துக்குள் சென்றன.

கொலுவும் பிள்ளையார் குடையும்

காகிதக் கைவேலை இன்றும் உயிரோடு இருக்கும் காலம் ஆவணியும் புரட்டாசியும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் மயிலாப்பூர் மாட வீதிகளில் களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை ஆகியவற்றோடு காகிதக் குடைகளும் விற்பனைக்கு வரும். மூங்கில் குச்சியில் வட்டமாக வெட்டிய வண்ணத் தாளைப் பொருத்தி, விளிம்பில் குஞ்சம் கத்தரித்து, ஜிகினா ஒட்டிய சிறு குடை அது.

நவராத்திரிக் கொலுவில் பொம்மைகள் பெரியவர்களின் பொறுப்பு. படிகளுக்குக் கீழே அமையும் ‘பார்க்’ பிள்ளைகளின் ஆட்சி. மணல் பரப்பி, கேழ்வரகும் வெந்தயமும் முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்குகிறார்கள். தீப்பெட்டியிலும் அட்டையிலும் ஓட்டு வீடு, கிணறு, வேலி, ரயில் நிலையம் எழுகின்றன. அடுக்குமாடியில் பிறந்த பிள்ளையும் அங்கே சாய்கூரை வீட்டைத்தான் கட்டுகிறது. காகிதக் கூழ் பொம்மைகளும் களிமண் பொம்மைகளுக்கு இணையாகக் கொலுப்படியில் இடம்பிடித்திருக்கின்றன. கனம் குறைவு, விழுந்தாலும் எளிதில் உடைவதில்லை என்பவை அதற்குக் காரணம். மார்கழியில் சாந்தோம் பகுதி வீடுகளின் வாசலில் தொங்கும் காகித நட்சத்திரமும் இதே கைவழி வந்ததே. சமயம் வேறானாலும் மடிப்பும் ஒட்டும் பொதுவானவை.

கையால் செய்த தாளும் கடையில் வாங்கிய தாளும்

காந்தியடிகள் 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் கைத்தாள் உற்பத்தியை மீட்டெடுக்க முயன்றது. அதன் செயலாளர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959-இல் தொடங்கியது. துணிக் கழிவிலிருந்து பிறந்த அதன் வண்ணத் தாள்கள் வாழ்த்து அட்டைகளாகவும் விளக்குக் கூடுகளாகவும் சென்னை வீடுகளுக்கு வந்தன. 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்தது. கழிவைத் தாளாக்கும் எண்ணம் வீட்டிலிருந்து ஆலைவரை இங்கே பொதுவாக இருந்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் மெல்லிய தாள் கீற்றுகளைச் சுருட்டிச் செய்யும் ‘குவில்லிங்’ வேலை பரவியது. கம்மலும் வாழ்த்து அட்டையும் சுவர்ப்படமும் செய்து விற்கும் பெண்களுக்கு அது வருவாய் தருகிறது. பாரிமுனைக் கடைத்தெருக்களில் அதற்கான கீற்றுகள் அளவு வெட்டியே கிடைக்கின்றன. இங்கே ஒரு முறிவு நேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு வீட்டில் மிஞ்சிய தாள் அலங்காரமாயிற்று. இப்போது அலங்காரத்துக்கென்றே புதுத் தாள் வாங்குகிறோம். 2019 ஜனவரி முதல் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தபின் காகிதப் பைகளுக்குத் தேவை கூடியது. அறுந்த அந்த இழையைப் பிணைக்க இது நல்ல வாய்ப்பு.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, சென்னையின் காகித அலங்காரம் ஓலை வேலையின் நேர் வாரிசு. அயலிலிருந்து வந்த கல்விமுறைகள் அதை வளர்த்தன, உண்டாக்கவில்லை. இரண்டாவது, மலிவான தாளும் பழைய தாளும் சேர்ந்த பிறகே அது மலர்ந்தது. சிக்கனமே அதன் அழகுக்கு ஊற்று. மூன்றாவது, இதைப் பேணி வளர்த்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். அதனால்தான் ஆவணங்களில் இதற்கு இடம் குறைவு. அழைப்பிதழும் நோட்டீசும் காப்பகத்தில் பாதுகாக்கப்படும் அளவுக்கு, காகிதக் கூடையும் சரிகை ஒட்டிய படமும் கொலு வீடும் பாதுகாக்கப்படவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி செய்த காகிதக் கூடையோ, துணி ஒட்டிய சாமி படமோ, கட்டிவைத்த தொடர்கதையோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் அதைப் படமெடுங்கள். செய்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன பொருள் கொண்டு செய்தார் என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். செய்முறை தெரிந்த பெரியவர் இருந்தால், பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து ஒரு கூடையாவது செய்யச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தரமணியின் ஆய்வு நிறுவனங்களும் வடிவமைப்பு மாணவர்களும் இந்தக் குடும்பச் சான்றுகளைத் திரட்டும் பணியில் இறங்க வேண்டும். செய்தவர்களின் கைநுட்பத்தை அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய இன்னும் காலம் இருக்கிறது. அந்தப் பணியை இந்தத் தலைமுறையே முடிக்க வேண்டும்.