கணினித் திரைப் பின்புலம்

கணினித் திரையில் கோப்புறைகளுக்கும் சாளரங்களுக்கும் அடியில் விரிந்து கிடக்கும் படத்தைத் திரைப் பின்புலம் என்பர், பேச்சுவழக்கில் வால்பேப்பர். 1980, 1990-களில் இது பெரும்பாலும் ஒரு சிறு படத்துண்டைத் தரை ஓடுகள் பதிப்பதுபோல் அடுக்கி அமைக்கப்பட்டது. இணையத்தின் தொடக்ககால மக்கள் கலைகளுள் இதற்குச் சிறப்பிடம் உண்டு.

தோற்றம்

1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷின் கறுப்பு வெள்ளைத் திரையில் பின்புலம் 8×8 புள்ளிக் கட்டமாக இருந்தது. புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 64 புள்ளிக்கு 8 பைட் நினைவகம் போதும். புள்ளிகளைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாற்றிப் பயனரே தமக்குப் பிடித்த வடிவத்தை அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 3.1 (1992) தேனடை, செங்கல் சுவர், வேய்ந்த கூரை, பளிங்கு போன்ற வண்ணத் துண்டுகளுடன் வந்தது.

இணையப் பக்கங்களில்

1995-இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 1.1 இணையப் பக்கத்துக்கும் பின்புலப் படம் இட வழிசெய்தது. அன்றைய 28.8 கிலோபிட் மோடத்தில் 640×480 அளவில் 256 வண்ணப் படம் சுருக்கப்படாமல் வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். 2 கிலோபைட் துண்டு ஒரு நொடிக்குள் வந்துவிடும். எனவே விண்மீன், மேகம், காகிதம் என்று சிறு துண்டுகள் பெருகின. ஜியோசிட்டீஸ் போன்ற இலவசத் தளங்களில் ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும் அவற்றைக் கொண்டு தம் பக்கங்களை அலங்கரித்தனர்.

விளிம்பு இணைப்பு

துண்டின் வலது விளிம்பு இடது விளிம்போடும், மேல் விளிம்பு கீழ் விளிம்போடும் பொருந்த வேண்டும். இல்லையேல் ஒட்டு தெரியும். இதைச் சரிசெய்யப் படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்துவர். நான்கு விளிம்புகளும் நடுவில் கூட்டல் குறிபோல் வந்து கூடும். அங்கே தெரியும் ஒட்டைத் தீட்டி மறைப்பர். சமதளத்தை இவ்வாறு மீண்டும் மீண்டும் வந்து நிரப்பும் வடிவங்கள் அனைத்தும் 17 சமச்சீர் வகைகளுள் அடங்கும் என்று உருசிய அறிஞர் பியோதரோவ் 1891-இல் நிறுவினார்.

கோலமும் கணினியியலும்

சிறு துண்டைக் கொண்டு திரையை நிரப்புவதுபோலவே, புள்ளி வைத்து, விதிப்படி இழையிழுத்து, ஒரு வடிவத்தை வாசல் அளவுக்கு வளர்ப்பது தமிழ்ப் பெண்களின் அன்றாடக் கலை. அதில் கணித ஒழுங்கு இருப்பதைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் ஆராய்ந்தனர். மூவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களை வரிசை இலக்கணம் என்னும் விதித்தொகுதியால் உருவாக்கிக் காட்டியது. மெக்கின்டாஷ் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே வாசற்கோலம் கணினியியலுக்குள் நுழைந்துவிட்டது. திரைப் பின்புலத்தின் வரலாறு எழுதுவோர் இப்பணிக்கும் அதில் இடம் தருவதே முறை.

பாதுகாப்பு

2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் அதன் பக்கங்கள் பலவற்றைப் படியெடுத்துக் காத்தனர். அத்தொகுப்பைக் கொண்டு கலைஞர்கள் ஒலியா லியாலினாவும் திராகன் எஸ்பென்ஷீடும் அக்காலப் பக்கங்களை ஆய்ந்து வருகின்றனர். தமிழர் அமைத்த பழைய பக்கங்களும் பின்புலத் துண்டுகளும் இன்னும் யாருடைய வன்தட்டிலேனும் இருக்கக்கூடும். வைத்திருப்போர் அவற்றை அழித்துவிடாமல் படியெடுத்துக் காக்க வேண்டும்.