அம்மாவுக்காக யார் முடிவெடுப்பது?

மறதிநோய் முற்றிய தாய்க்கு அறுவை சிகிச்சை என்றால் மூத்த மகன் கையெழுத்திட்டால் போதும் என்றே பலர் நினைக்கிறோம். சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவர் குடும்பத்தாரைக் கலந்து பேசுவார். ஆனால் நோயாளியின் நலன் கருதி முடிவெடுப்பது அவரே.

பிள்ளை முடிவெடுக்க வேண்டுமானால், அம்மா தெளிவாக இருக்கும்போதே எல்பிஏ எனும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தில் அவரை நியமித்திருக்க வேண்டும். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நோய் முற்றியபின் எழுத முடியாது. நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

பத்திரம் இருந்தாலும் உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முடிவு பிள்ளையிடம் வராது. இதுதான் பல குடும்பங்களைத் திகைக்க வைக்கிறது. மீளமுடியாத நோயின் இறுதிக் கட்டத்தில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என நினைப்பவர், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் தாமே கையெழுத்திடலாம். இரு சாட்சிகள் தேவை; ஒருவர் மருத்துவர். சொத்தில் பங்குள்ள பிள்ளை சாட்சியாக முடியாது.