பறவை நோக்கர் சங்கமும் அதன் குறிப்பேடும்

பறவைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு சங்கமா என வியப்போர் உண்டு. வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்குவோரும் உண்டு. ஆயினும், நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி இன்று அறியப்பட்டிருப்பவற்றுள் பெரும் பங்கு, ஊதியம் கருதாத ஆர்வலர்கள் ஒன்றுகூடி, கண்டதை எழுதி, எழுதியதைப் பிறரோடு பகிர்ந்ததனால் கிட்டியதாகும். இத்தகைய சங்கம் எதனால் நிலைபெறுகிறது, எங்கே சோதனைக்கு உள்ளாகிறது என்பதைப் பம்பாயில் தோன்றிய ஒரு கழகத்தின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1883ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் எண்மர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்னும் மருத்துவர் இருவரும் இந்தியர், ஏனையோர் ஆங்கிலேயர். தாம் கண்டவற்றைக் கூறுவதும், சேகரித்தவற்றைப் பிறருக்குக் காட்டுவதுமே அக்கூட்டத்தின் நோக்கம். 1886 முதல் அவர்களது குறிப்புகள் ஒரு சஞ்சிகையாகவும் வெளிவரலாயின. அக்காலத்தில் பறவையை அறிவதற்குரிய கருவி துப்பாக்கியே. சுட்டு வீழ்த்தி, பதப்படுத்தி, பெயர்ச் சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்தால்தான் அது சான்றாகக் கருதப்பட்டது.

அந்தக் கழகத்தின் படிகளில் ஒரு நாள் தயக்கத்தோடு ஏறினான் ஒரு சிறுவன். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்த சாலிம் அலிதான் அவன். தன் சிறு துப்பாக்கியால் அவன் வீழ்த்திய குருவி, வீட்டுச் சிட்டைப் போலிருந்தும் தொண்டையில் மஞ்சள் கறை கொண்டிருந்தது. அதன் பெயரை அறியும் பொருட்டு மாமன் அவனைக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். மில்லார்ட் அவனைச் சிறுவன் என்று கருதித் திருப்பி அனுப்பவில்லை. பறவையின் பெயரைக் கூறினார். பதப்படுத்திய பறவைகள் நிறைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிப்பதற்குப் புத்தகங்களும் தந்தார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற கையேட்டை எழுதிய அறிஞரின் கல்வி அங்கேதான் தொடங்கிற்று. புதிதாய் வருபவரின் எளிய கேள்வியையும் மதித்து விடை கூறுவது சங்கத்தின் முதற்கடமை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின்னர் இந்த ஆர்வம் ஊர்தோறும் பரவ வழி செய்தவர்களுள் ஒருவர் ஜாபர் ஃபதேஹல்லி. 1959இல் பறவை நோக்கர்களுக்கென அவர் தொடங்கிய செய்தி மடல், சைக்ளோஸ்டைல் செய்யப்பட்ட சில தாள்களே. ஆயினும் ஆங்காங்கே தனித்திருந்த ஆர்வலர்களை அது ஒரே குடும்பமாக இணைத்தது. ஓர் ஊரில் ஒருவர் கண்டதை வேறோர் ஊரார் படித்தனர், தாம் கண்டதோடு ஒப்பிட்டனர், ஐயுற்றனர், மறுத்தும் எழுதினர். துப்பாக்கி இருந்த கையில் பைனாகுலரும் பென்சிலும் ஏறின.

அதே காலப்பகுதியில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, பறக்கவிடும் பணியையும் பம்பாய்க் கழகம் மேற்கொண்டது. நமது கோடிக்கரையிலும் இப்பணி பல்லாண்டுகள் நடைபெற்றது. பறவைக்கு ஊறு நேராமல் வலையில் அகப்படுத்தும் கலையில் அவர்களுக்குத் துணை நின்றோர் பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் வேட்டைக் குடியினர். பரம்பரையாகப் பறவை பிடித்து வாழ்ந்தவர்களின் நுட்பம் அறிவியலுக்குப் பயன்பட்டது.

ஆனால் எளிய மக்களோடு உறவு எப்போதும் இவ்வாறு இனிதாக அமைந்துவிடவில்லை. ராஜஸ்தானத்தின் பரத்பூர் நீர்நிலை ஒரு காலத்தில் மன்னரின் வேட்டைக் களம். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டத்தார் அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அந்நீர்நிலை பின்னர் சரணாலயமாயிற்று. அதனைக் காக்க சாலிம் அலி அரும்பாடுபட்டார். எருமைகள் மேய்வதால் பறவைகளுக்குக் கேடு என்று அவரும் மற்ற அறிஞர்களும் கருதினர். தேசியப் பூங்காவான பின்னர், 1982இல் அங்கு மேய்ச்சல் முற்றிலும் தடுக்கப்பட்டது. காலங்காலமாக அங்கே கால்நடை மேய்த்த கிராமத்தார் எதிர்த்து எழுந்தனர். போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கருதத்தக்கது. 1980 முதல் பத்தாண்டுக் காலம் அந்நீர்நிலையை ஆராய்ந்தவர்கள் அதே பம்பாய்க் கழகத்தார்தாம். எருமைகள் அகன்ற பின்னர் நீர்ப்புல் வரைமுறையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று என்றும், அதனால் பறவைகளுக்கே கேடு விளைந்தது என்றும் அவர்களது ஆய்வு கண்டது. தம் பெருமதிப்புக்குரிய தலைவரின் கருத்துக்கு மாறானதாக இருந்தும் அம்முடிவை அவர்கள் மறைக்கவில்லை. கண்டதை எழுது என்னும் விதி அங்கே காக்கப்பட்டது. ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை. மேய்ப்பரின் அனுபவத்தை முன்னரே கேட்டுக் குறித்திருந்தால் என்ற எண்ணம் எழாமற் போகாது.

நம் வேடந்தாங்கல் இதற்கு மறுபக்கம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட உழவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டையைத் தடுக்கும்படி ஆங்கிலேய அதிகாரியிடம் முறையிட்டு உரிமை பெற்றனர். அங்கே சங்கமும் இல்லை, சஞ்சிகையும் இல்லை, ஊராரே காவலர்.

ஆகவே, நம் ஊர்களில் பறவை நோக்கர் சங்கம் அமைக்க விழையும் இளைஞர்க்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு குளம், ஒரு குறிப்பேடு, மாதத்தில் ஒரு குறித்த காலைப்பொழுது போதும். அதே குளத்தை ஆண்டுதோறும் அதே பருவத்தில் எண்ணி வந்தால், குறைவதும் பெருகுவதும் தாமே தெரியும். காணாததை எழுதலாகாது, ஐயமுள்ளதை ஐயம் என்றே குறித்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துங்கள். மீனவரையும் மேய்ப்பரையும் உழவரையும் அழைத்து, அவர்கள் சொல்வதையும் அதே ஏட்டில் எழுதுங்கள். நாளை அக்குளத்தைத் தூர்க்க ஒருவர் வரும்போது, நம் சார்பில் சாட்சி சொல்லப்போவது அந்த ஏடுதான். அதில் எல்லோருடைய கண்களும் இருந்தால்தான் அச்சாட்சி நிற்கும்.