வண்ணப்பொடி மண்டலமும் சிவதீக்கையும்

சைவ நூல்களிற் கூறப்படும் தீக்கைகளுள் ஔத்திரி என்பது ஓமத்தொடு கூடியது. குண்டம், மண்டலம் முதலியவற்றை அகத்தே கற்பித்துச் செய்வது ஞானவதி எனவும், புறத்தே அமைத்துச் செய்வது கிரியாவதி எனவும் அஃது இருவகைப்படும். பின்னதற்கு உறுப்பாகிய மண்டலம், வண்ணப் பொடிகளால் நிலத்தின்மேல் இடப்பட்டுப் பூசை முடிந்தபின் அழிக்கப்படுவது. இதனை வாயிற்கோலத்தின் ஓர் இனமெனக் கொண்டு ஒதுக்குவார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாமை ஈண்டுக் காட்டப்படும்.

பதினோராம் நூற்றாண்டினராகிய சோமசம்பு சிவாசாரியர் தம் பத்ததியிலும், தில்லையில் வாழ்ந்த அகோர சிவாசாரியர் கி.பி. 1158-இல் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகையிலும் தீக்கை விதியை முறைப்பட வகுத்தனர். முதனாள் அதிவாசம், மறுநாள் மண்டலம். நிலத்தைத் தூய்மை செய்து, கயிறு பிடித்துத் திசையும் கட்டமும் வரைந்து, நடுவே எட்டிதழ்த் தாமரையும், புறத்தே நான்கு வாயிலும் அமைத்தல் வேண்டும். சருவதோபத்திரம் முதலிய வகைகள் இவ்வாறு அமைவனவே. கன்னிகை பொன்னிறம், இதழ் வெண்மை. அரிசி மாவு வெண்மைக்கும், மஞ்சள் பொன்மைக்கும், கருகிய உமி கருமைக்கும், உலர்ந்த இலை பசுமைக்கும் ஆவன. நெல்விளையும் காவிரி நாட்டில் இவற்றைத் தேடி ஒருவர் வெளியே போகவேண்டுவதில்லை. மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்துள் ஐம்பூதங்கட்குக் கூறும் பொன், வெண்மை, செம்மை, கருமை, புகைநிறம் என்பனவும் இங்கு ஒப்புநோக்கத் தக்கன.

மண்டலத்தில் இறைவனை எழுந்தருளச் செய்து பூசித்தபின், ஆசிரியர் மாணாக்கன் கண்களைத் துகிலாற் கட்டி, அவன் கையில் மலர் கொடுத்து, அதன்மீது தூவச் செய்வர். மலர் ஈசானம், தற்புருடம், அகோரம், வாமம், சத்தியோசாதம் என்னும் இவற்றுள் யாதன் இடத்து வீழ்கின்றதோ அதுபற்றிச் சிவன் என்னும் ஈற்றொடு தீக்கைப்பெயர் இடப்படும். பின்னர்க் கட்டவிழ்க்க, மாணாக்கன் முதற்கண் காண்பது அம்மண்டலமே. கோலம் வாயிலுக்கு அழகு. மண்டலமோ ஒருவனுக்குப் பெயர் தருவது. இரண்டும் ஒன்றென்பது எங்ஙனம்?

இப்பெயர் மரபினை ஆகமங்களில் மட்டுமன்றிக் கல்லிலும் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் முதலாம் இராசராசன் காலத்து ஈசான சிவ பண்டிதரையும், இராசேந்திரன் காலத்துச் சருவ சிவ பண்டிதரையும் குறிக்கின்றன. இராசேந்திரனது 19-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழக் கி.பி. 1031-இல், சருவ சிவ பண்டிதர்க்கும் அவர் மாணாக்கர் வழியினர்க்கும் ஆண்டுதோறும் 2000 கலம் நெல் ஆசாரிய போகமாக அளக்கப் பணிக்கப்பட்டது. வேந்தர் ஆசிரியரைப் போற்றியவாறு இது.

இவ்வழக்கினை ஒத்ததொன்று கடல்கடந்த அமெரிக்கத் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களிடத்தும் உண்டு. அவர்தம் பாடகராகிய பூசகர், பொடித்த கல், கரி, சோளமாவு, மகரந்தம் ஆகியவற்றை விரலிடையே ஒழுகவிட்டுத் தெய்வ வடிவங்களைத் தரையில் எழுதுவர். அதற்கு அவர் வழங்கும் பெயர் தெய்வங்கள் வந்துபோகும் இடம் எனப் பொருள்படும். நோயுற்றாரை அதன்மேல் இருத்தி, அப்பொடியை அவர் உடலில் ஒற்றி, உடனே அழித்து வெளியே கொண்டுபோய் விடுவர். நோய் நீக்கம் அவர் கருத்து. மலநீக்கம் நம் நூற்கருத்து. ஆகலின் இரண்டும் ஒன்றென்றல் ஆகாது. தெய்வம் எழுந்தருளிய இடத்தை வினை முடிந்தபின் காட்சிப்பொருளாக வையாமை மாத்திரம் இருவர்க்கும் பொது. அவருள் ஹோஸ்டீன் கிளா என்னும் பூசகர் இவ்வடிவங்களைக் கம்பளத்தில் நெய்தபோது அவர் இனத்தார் பலர் அஞ்சினர். அங்ஙனம் நெய்யாவிடின் அவை மறைந்தொழியும் என்பது அவர் கவலை. அவர் துணையோடு சாந்தா ஃபே நகரில் அமைந்த காட்சிச்சாலை 1937-இல் திறக்கப்பட்டது.

நம்மவர்க்கு அவ்வச்சம் இல்லை, கவலை உண்டு. சோமசம்பு பத்ததியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1963 முதல் 1998 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்டது. மண்டலங்களின் அளவும் நிறமும் இனி அழியா. மாயூரத்தை அடுத்த தருமபுரத்திலும் திருவாவடுதுறையிலும் தீக்கை மரபு தொடர்கின்றது. எனினும் கயிறு பிடித்துக் கட்டமிடும் திறனும், பொடியை இடையறாது ஒழுகவிடும் கைப்பழக்கமும் ஏட்டிலிருந்து வருவன அல்ல. இட்டறிந்த சிவாசாரியர் அருகிருந்து, பலகால் இட்டும் அழித்தும் பயின்ற மாணாக்கனுக்கே அவை கைவருவன.