தொம்மலூரில் வானிலை ஆய்வும் காலநிலை ஆய்வும்

தொம்மலூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் உள்ள பழைய ஊர். சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளால் அறியப்படுவது. இன்று மாலை இங்கே மழை வருமா என்பது வானிலை ஆய்வின் கேள்வி. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் எவ்வளவு மழை கொட்டக்கூடும், அந்த அளவு மாறிவருகிறதா என்பது காலநிலை ஆய்வின் கேள்வி.

வானிலை ஆய்வு இந்த நேரத்துக் காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றோட்டம் ஆகியவற்றிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. தொடக்க அளவீட்டில் உள்ள சிறு பிழையும் நாளுக்கு நாள் பெருகும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். இரண்டு வாரத்துக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளின் மழையைச் சொல்ல முடியாததற்கு அதுவே காரணம். காலநிலை ஆய்வு எந்த ஒரு நாளையும் முன்கூட்டிச் சொல்ல முயல்வதில்லை. சூரிய ஆற்றல், கடல், நிலம், பசுங்குடில் வாயுக்கள் சேர்ந்து எத்தகைய நாள்களை எத்தனை முறை உண்டாக்கும் என்று அது ஆராய்கிறது. உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி சராசரிக்கு 30 ஆண்டுப் பதிவுகள் தேவை. இப்போது பயன்படுவது 1991–2020.

2024 ஏப்ரலில் பெங்களூரு நகர வானிலை நிலையத்தில் மாஞ்சாரல் எனப்படும் கோடை மழை பெய்யவே இல்லை. ஜூன் 2 அன்று 111 மி.மீ. பெய்து, 1891இன் 101.6 மி.மீ. என்ற ஜூன் மாத ஒருநாள் சாதனையை முறியடித்தது. ஜூன் முழுவதற்குமான சராசரியே சுமார் 110 மி.மீ.தான். இவற்றில் எந்த ஒன்றையும் தனியே எடுத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்வது தவறு. நீண்ட பதிவில் வைத்துப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவதும் தவறு.

தொம்மலூரிலுள்ள டெரி (எரிசக்தி, வள ஆய்வு) நிறுவனக் கட்டடம் காலநிலை அறிவைக் கொண்டே எழுந்தது. தெற்கே சாக்கடை ஓடியதால் கட்டடக் கலைஞர் சஞ்சய் மோகே அந்தப் பக்கத்தை அடைத்து, சுவருக்கு வெளியே இடைவெளி விட்டுக் கடப்பாக் கல் பதித்தார். ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து செல்லும் சூரியன் கல்லைச் சூடாக்க, இடைவெளியிலுள்ள காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. அந்த இழுப்பில் வடக்கிலிருந்து புதுக்காற்று அறைகளுக்குள் வருகிறது. இதற்கு நாளைய முன்னறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை. சூரியப் பாதை மாறப்போவதில்லை. ஆனால் வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்ற கணிப்பு மாறலாம்.

காற்றின் வெப்பம் மாறிவருகிறதா என்று கண்டறிவது எளிதன்று. ஏரிகளும் மரங்களும் குறைந்து கான்கிரீட் பெருகிய நகரின் வெப்பமானியில் ஊர்ச்சூடும் உலகச்சூடும் கலந்தே பதிவாகின்றன. நகருக்கு வெளியே உள்ள நிலையங்களின் பல்லாண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டே இரண்டையும் பிரிக்க முடியும்.